விளையாட்டுப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்: புதுச்சேரிப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி முதல்வர்களுக்கும் வணக்கம்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி திறந்த வாரம் அவளுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து, போன வாரம் துவைக்க எடுத்தால், அடியில் ரப்பர் வரிகள் தேயவே இல்லை. விலைச்சீட்டுப் பசைகூட அப்படியே இருந்தது. "பி.டி. பீரியடே இல்லையாடி?" என்றேன். பீரோவில் ஒட்டியிருந்த டைம்டேபிளைக் காட்டினாள். வாரத்துக்கு இரண்டு பி.டி.; இரண்டின் மேலும் பென்சிலால் 'கணக்கு', 'சயின்ஸ்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

"டெஸ்ட் இல்லாத வாரம் விடுவாங்கம்மா. ஆனா டீம்ல இருக்கறவங்கதான் விளையாடுவாங்க. நாங்க மரத்தடியில உட்கார்ந்து படிப்போம்."

இதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. விடிகாலையில் அங்கே நடக்கப் போகிறவள் நான். காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் தெரிந்த முகங்கள் பத்து பதினைந்தாவது எதிரே வரும். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, இதுதான் பேச்சு. எனக்குச் சர்க்கரை வந்தது 41 வயதில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், புதுச்சேரியில் 20 வயதைத் தாண்டியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாலில் ஒருவர்! கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. உங்கள் வகுப்பறைகளில் இருப்பவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். டாக்டர் மிரட்டிய பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை அவர்கள் பதினாலு, பதினைந்து வயதிலேயே பழக வேண்டாமா?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பின் கனத்தில் பெரும்பகுதி சேர்வதும் இந்த வயதில்தான், குதிப்பதும் ஓடுவதும் அதைக் கூட்டும். பெண் பிள்ளைகளுக்கு இது பிற்காலத்துக்கான சேமிப்பு.

நான் புதிதாக எந்தச் சலுகையும் கேட்கவில்லை. நம் அரசுப் பள்ளிகளும் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டன. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்விக்கு என்று அந்த வாரியம் 2018-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, உச்சி வெயிலிலும் வைக்காதீர்கள். காலை முதல் பீரியடாக இருந்தால் நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும்.

அப்புறம், டீமில் இல்லாத பிள்ளைகள். அவர்களுக்குத்தான் அந்தப் பீரியட் அதிகம் தேவை. கபடி, கோகோ, பாண்டியாட்டம், ஒரு கயிறு, இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு எந்தப் பெண்ணும் ஓட மாட்டாள். டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போட அனுமதியுங்கள். உடை மாற்றக் கதவுள்ள அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். லேட்டாக வந்தவர்களை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஓட்டம் தண்டனையாகிவிட்டால் பிறகு யாருக்கு அதில் ஆசை வரும்?

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. ராத்திரி எட்டு வரை டியூஷன் வைத்ததும், நடக்கிற தூரத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டதும் நாங்கள்தான். சரி, இப்போதாவது மாற்றலாம் என்று மாடியில் கொடிக்கயிற்றை வெட்டி, ஸ்கிப்பிங் ஆடக் கொடுத்தேன். முதல் நாள் 23 தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நேற்று நிற்காமல் 60. பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சத்தம் போட்டு எண்ணுவது கீழே அடுப்படி வரை கேட்கிறது.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை பீச் ரோட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தால், கூட வந்து பார்த்துக்கொள்ள எங்கள் தெருவில் நாலு அம்மாக்கள் தயாராக இருக்கிறோம். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
முத்தியால்பேட்டை