வெலிசறை வரை கூட வந்தவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு,

தம்பி கட்டாருக்குப் போக மெடிக்கல் செய்யப்போன இடத்தில்தான் இது தொடங்கியது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் இடப்பக்கம் ஒரு நிழல். இருமலும் இல்லை, இளைப்பும் இல்லை, பின்னேரமானால் பந்தடிக்கப் போகிற பொடியன். ஏஜென்சிக்காரர் 'அன்ஃபிட்' கடுதாசியை நீட்டியதோடு சரி. கட்டிய காசும் வரவில்லை, அதை விடுவோம். நாங்கள் களுவாஞ்சிகுடி வந்து இறங்குவதற்குள் அந்த நிழல் ஊர் வாயில் புற்றுநோயாகியிருந்தது.

முதல் நன்றி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சி.ரி. ஸ்கேனைப் பார்த்துச் சொன்ன டொக்டருக்கு. கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் இதயத்தை வரைந்து, அதன் பக்கத்தில் திராட்சைக்குலை மாதிரிக் குமிழ்களைப் போட்டார். "நிணநீர் தேங்கின பைகள் அம்மா. லிம்பாஞ்சியோமா என்று பேர். புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது." பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்திலும் கமக்கட்டிலும் வருவதாம். நெஞ்சுக்குள் மட்டும் வருவது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாதாம்.

"அப்ப ஏன் மகன், வெட்டணும்?" என்று அம்மா டொக்டரிடம் கேட்டா. பெருத்தால் மூச்சுக்குழாயை நெரிக்கும், கொஞ்சம் மிச்சம் விட்டாலும் திரும்ப வளரக்கூடும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் கொப்பி இப்போது எங்கள் சாமித்தட்டில் இருக்கிறது.

ஒப்பரேஷனுக்காக வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலைக்கு வான் ஓட்டிவந்த காத்தான்குடி நானா டீசல் காசு மட்டும்தான் வாங்கினார். இரத்தம் கொடுக்க ஆள் தேவை என்றதும் நாங்கள் கேட்க முன்னமே சட்டைக் கையை மடித்தார். பக்கத்துக் கட்டில் குருநாகல் ஐயா இல்லாவிட்டால் வாட்டில் தாதி மிஸ்மார் சிங்களத்தில் சொன்னதில் பாதி எங்களுக்கு விளங்கியிராது.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் சோறு கறி சாப்பிட்ட பிறகு, நெஞ்சில் போட்டிருந்த குழாயில் தண்ணிப்பால் மாதிரி வெள்ளையாக இறங்கியது. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. சாப்பாட்டுக் கொழுப்பைக் கொண்டுபோகும் நிணநீர் கசிகிறது, கொழுப்பை நிறுத்தினால் பெரும்பாலும் தானாக அடைபடும் என்றார்கள். எண்ணெய் கூடாது, தேங்காய்ப்பால் கூடவே கூடாது. மட்டக்களப்பானுக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

அங்கேதான் வத்தளை மாமி வந்தா. பதினொரு நாள், இரண்டு பஸ் மாறி, புளியாணமும் வெறும் பருப்பும் அவித்த சுரைக்காயுமாகக் கரியரைத் தூக்கிக்கொண்டு வந்தா. தம்பி முகம் சுளித்தால், "தின்னடா, குழாயைக் கழட்டினதும் சொதி வைத்துத் தாறன்" என்பா. ஒவ்வொரு காலையும் குனிந்து குழாயைப் பார்ப்போம். ஒன்பதாம் நாள் அது வைக்கோல் நிறத்துக்குத் தெளிந்தது. பயொப்சி ரிப்போட்டும் டொக்டர் முதலில் சொன்னதையே சொன்னது.

மாமி, உங்கள் கரியர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அம்மா எருமைத்தயிருக்குச் சொல்லி வைத்திருக்கிறா. வத்தளை வரை சிந்தாமல் கொண்டுவருவது தம்பியின் பொறுப்பு.

அன்புடன்,
அவனுடைய அக்கா