அக்காவுக்கு, கனடாவின் சாஸ்கடூனிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். குளிர் மைனஸ் 30 வரை போகிறது, அதற்கும் பழகிவிட்டோம். வேலை அதே இல்லத்தில்தான். நடக்கவோ பேசவோ முடியாத நான்கு பேரைப் பார்த்துக்கொள்கிறோம்: கூரையில் ஓடும் லிஃப்டில் தூக்கிக் குளிப்பாட்டுவது, வயிற்றுக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது, ராத்திரி முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்பது.

"சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா அவனுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை" என்று உன் மகனைப் பற்றி, நம் பையனைப் பற்றி, உறவுக்காரர்களே உன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசே ஆறவில்லை. அதனால்தான் இந்த மாகாணத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

இங்கிருந்து மேற்கே வில்க்கி என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் ராபர்ட் லாட்டிமர் என்ற விவசாயி. 1993 அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் மற்ற பிள்ளைகளும் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, 12 வயது மகள் ட்ரேசியை டிரக்கில் உட்காரவைத்துப் புகையால் கொன்றுவிட்டார். நம் பையனைப் போலவே அவளுக்கும் செரிப்ரல் பால்சி, மூளை பாதித்து உடம்பு சொன்னபடி கேட்காத நிலை. எடை 18 கிலோகூட இல்லை, தினமும் ஐந்தாறு முறை வலிப்பு, இடுப்பு எலும்பு விலகித் தீராத வலி. இன்னொரு ஆபரேஷன் செய்து தொடை எலும்பில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னதும் அவரால் தாங்க முடியவில்லை.

ஊரில் பாதிப் பேருக்கு அவர்மேல் பரிதாபம்தான். ஜூரியே ஒரு வருடத்தில் பரோல் கொடுங்கள் என்று கேட்டது. ஆனால் 2001இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனை, 10 வருடத்துக்கு முழுப் பரோல் கிடையாது என்று முடித்துவிட்டது.

அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அக்கா. வருடக்கணக்காக ஊட்டி, துடைத்து, தூக்கிய அப்பா. ஆனாலும் அவர் செய்தது தப்பு, கருணை என்று பேர் வைத்தாலும் தப்புதான். அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது: ட்ரேசிக்குப் பாட்டு பிடிக்கும், சர்க்கஸ் பிடிக்கும், அவளுக்கென்றே வைத்த ஒரு பொத்தானை அழுத்தித் தானே ரேடியோ போடுவாள், வீட்டு ஆட்களைப் பார்த்தால் முகம் மலரும். சாப்பாட்டுக் குழாய் வைத்திருந்தால் உடம்பு தேறியிருக்கும், வலிக்கு இன்னும் நல்ல மருந்தும் கொடுத்திருக்கலாம், அது வேண்டாம் என்று பெற்றோரே விட்டுவிட்டார்கள். அந்த வருடம் சில மாதம் நார்த் பேட்டில்ஃபோர்டில் இப்படி ஒரு இல்லத்தில்தான் அவள் இருந்தாள், வழி அடைபட்டுப் போய்விடவில்லை. இதே வலி ஓடியாடுகிற ஒரு பிள்ளைக்கு வந்து, அதன் அப்பா இப்படிச் செய்திருந்தால் இத்தனை பேர் பரிந்து பேசியிருப்பார்களா? இங்கே 2016 முதல் டாக்டர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் உண்டு, அதற்குக்கூட 18 வயது ஆகியிருக்க வேண்டும், தன் வாயால், இல்லை ஏதோ ஒரு விதத்தில், தானே கேட்க வேண்டும். ட்ரேசியிடம் யாரும் கேட்கவில்லை.

உன்னிடம் விடுதலை என்று பேசுகிறவர்களில் யாராவது ஒரு ராத்திரி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா? இங்கே நாங்கள் எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம், உனக்கு ஷிப்ட் மாற்ற ஆளே இல்லை. அரசாங்கம் தரும் உதவித்தொகை டயப்பருக்கே போதாது என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த மாதத்திலிருந்து கூடுதலாக அனுப்புகிறேன், பகலில் நான்கு மணி நேரத்துக்காவது ஒரு ஆள் வைத்துக்கொள். மிச்சம் பிடித்து வேறு செலவுக்கு எடுக்காதே, அத்தானிடமும் சொல்லிவிடு.

அப்புறம் ஒன்று. தூக்கும்போது அழுகிறான் என்றாயே, அடுத்த முறை போகும்போது இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேள். இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு மெல்ல மெல்ல விலகும், சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது. படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு, இங்கே பிசியோதெரபிஸ்டிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை