கமலா, அம்மா சைக்கிள வித்துடாத

கமலா,

நல்லா இருக்கியாடி. அண்ணனுக்கு சுகர் கொறஞ்சிருச்சா, சின்னவளுக்குப் பரீட்ச முடிஞ்சிருச்சா, இதெல்லாம் போன்ல கேட்டுக்குறேன். இத ஒக்காந்து எழுதுறது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். போன்ல சொன்னா நீ நடுவுல பூந்து பூந்து பேசியே என் பேச்ச மாத்திடுவ, சின்ன வயசுலேர்ந்து அதான் உன் வேல.

பசார்ல பெரியக்காவப் பாத்தேன். "கமலா அவங்கம்மா சைக்கிள ஈப்போவுல எவனோ கோப்பிக் கடக்காரனுக்குக் குடுக்கப் போறாளாம், செவுத்துல மாட்டுறதுக்குக் கேக்குறானாம்"னு மீன் வாங்கிக்கிட்டே சாதாரணமா சொல்றாங்க. எனக்கு அங்கேயே நெஞ்சு பதறிப்போச்சு. செவுத்துலயா? உங்கம்மா சைக்கிளயா? நீ இன்னும் காசு வாங்கலன்னு பெரியக்கா சொன்னாங்க, அந்த நம்பிக்கையிலதான் எழுதுறேன்.

உங்கம்மா அதுல போறது என் கண்ணுலயே நிக்குது கமலா. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே கெளம்பிடுவாங்க, தலையில துண்டு, ஹேண்டல்ல சாப்பாட்டுக் கேரியர், பின்னுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி. பால் எடுக்குற தீம்பார்லேர்ந்து பால் நிறுக்குற ஸ்டோருக்கு வர்ற அந்த செம்மண் ரோட்டுல ரெண்டு வாளியும் நெறஞ்சிருக்கும், ஒரு சொட்டு சிந்தாது. சாயங்காலமானா அதே சைக்கிள்ல வெறகு வரும், அரிசி வரும், தீவாளிக்கு துணி எடுக்க நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா கேரியர்ல ஏத்திக்கிட்டு டவுனுக்கு மிதிப்பாங்க, நீ எப்பவும் முன்ன ஒக்காரணும்னு அடம் புடிப்ப. அப்பேர்ப்பட்ட சைக்கிள ஆணியடிச்சு மாட்டி அதுக்குக் கீழ எவனோ கேக்கு சாப்பிடுறதா?

சும்மா பழைய நெனப்புல பொலம்புறேன்னு நெனைக்காத. எங்கப்பா சைக்கிள நான் எடுத்து ஓட்ட ஆரம்பிச்சிட்டேன், அது உனக்குத் தெரியாதுல்ல. மக மோட்டார எடுத்துக்கிட்டு காலேஜ் போயிட்டா, இவரு காடிய எடுத்துக்கிட்டு 6 மணிக்கே கெளம்பிடுறாரு, தாமான்லேர்ந்து கிளினிக்குக்கு நான் எப்படிப் போறது? கடையில போயி புதுசு பாத்தேன். எல்லாம் முன்னுக்கு ஸ்பிரிங் வச்ச மலைச் சைக்கிள், 21 கியர்னு பெருமையா சொல்றான். ஆனா மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, செயின் மூடி இல்ல, லைட்டு இல்ல. நம்ம ஊரு மழையில அதுல கெளம்புனா முதுகு பூரா சேறு, சிலுவார் பூரா கிரீசு. வேலைக்குப் போற பொம்பளைக்கு அது எதுக்கு? நல்ல ரோட்டுல அந்த ஸ்பிரிங்கு நம்ம மிதிக்கிற பலத்தத்தான் தின்னும். தெனமும் ஓட்டுற சைக்கிள்னா பிரேக்கு புடிக்கணும், கியர் மேட்டுல ஒதவணும், சாமான் வைக்க எடம் வேணும், போட்ட துணி அழுக்காகக் கூடாது. இது நாலும் நம்ம அப்பா அம்மா சைக்கிள்ல அப்பவே இருந்துச்சு, பிரேக்கு ஒண்ணத்தத் தவிர. அத அப்புறம் சொல்றேன்.

மொதல்ல கியர். உங்கம்மா சைக்கிளும் எங்கப்பாதும் ராலேதான், இங்கிலாந்து நாட்டிங்ஹம் சாமான். பின் சக்கரத்து நடுவுல குண்டா ஒரு ஹப் இருக்கும் பாரு, அதுக்குள்ளதான் மூணு கியரும். ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ, 1936-ல வந்த டிசைன். நடு கியர்ல செயின் சுத்துற மாதிரியே சக்கரம் சுத்தும், ஒண்ணாவதுல அதுல முக்கால்வாசி, மூணாவதுல மூணுல ஒரு பங்கு கூடுதலா. பல்சக்கரம் எல்லாம் உள்ள மூடிக் கெடக்கு, மழையோ சேறோ தொடாது. ஹப்புல எண்ணெய் ஊத்த ஒரு சின்ன மூடி வச்ச ஓட்ட இருக்கு, மாசத்துக்கு நாலு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டா போதும். நான் எங்கப்பாவோட ஹப்ப தொறந்து பாத்தப்ப உள்ள எல்லாம் பளபளன்னு இருக்குடி, ஒரு பல்லு கூட தேயல, நாப்பது அம்பது வருஷத்து சாமான்.

ஆனா நம்ம கோயில் மேடு தெரியும்ல, அதுல ஒண்ணாவது கியர்ல கூட ஏற முடியல, மூட்டு வலிக்குது. முன்னுக்கு 46 பல்லு, பின்னுக்கு 18 பல்லு வச்சிருந்துச்சு, பெடல் ஒரு சுத்து வந்தா சக்கரம் ரெண்டர சுத்துக்கு மேல. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் அவன் ஊரு ரோட்டுக்குக் கணக்குப் போட்டது. நம்ம சைக்கிள் கட மொதலாளி தவுக்கே இருக்காருல்ல, அவருதான் பின் பல்ல 22-ஆ மாத்துன்னாரு. ஒரு வளையத்த ஸ்க்ரூ டிரைவரால நெம்பி எடுத்தா பழசு கழண்டு வந்துடும், புதுசப் போட்டு வளையத்த மாட்டிட வேண்டியதுதான், செயின மட்டும் கொஞ்சம் நீட்டணும். இப்ப நடு கியர்ல ரெண்டு சுத்து சொச்சம், ஒண்ணாவதுல ஒண்ணரைக்கு மேல கொஞ்சம். கோயில் மேட்டுல பேசிக்கிட்டே ஏறுறேன். நேர் ரோட்டுல வேகம் போயிடுமோன்னு நெனச்சேன், அதுவும் இல்ல, ஏன்னா இப்ப மூணாவது கியர் பழைய நடு கியர விட இன்னும் பெருசு. ஒரு சின்ன இரும்புத் துண்டு, கோழி வாங்குற காசு கூட ஆகல, சைக்கிளே வேற ஆயிடுச்சு.

இதையெல்லாம் சரியா புரிஞ்சிக்கிட்டது அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் ஒரு சைக்கிள் கடையில வேல பாத்த ஷெல்டன் பிரவுன்னு ஒரு மனுசன் எழுதி வச்சதப் படிச்சுத்தான். 2008-லயே செத்துட்டாரு பாவம். கடைக்காரங்க ரகசியம்னு மூடி வைக்கிற எல்லாத்தையும் எல்லாரும் படிக்கட்டும்னு எழுதிட்டுப் போயிருக்காரு. பாசையில எனக்கு வெளங்காத எடத்த மக சொல்லிக் குடுப்பா, கையில வெளங்காத எடத்த தவுக்கே காட்டிக் குடுப்பாரு.

இப்ப பிரேக்கு. கேளு, இதான் முக்கியம். பழைய ராலேவுல கம்பி இழுத்து ரப்பர் கட்டை போயி குரோம் போட்ட இரும்பு ரிம்மு உள்பக்கம் ஒரசும். வெயில்ல பரவால்ல. மழையில அந்த குரோம்ல தண்ணி பட்டா ரப்பர் வழுக்கும், பிரேக்க இறுக்கிப் புடிச்சாலும் சைக்கிள் அது பாட்டுக்குப் போவும். நம்ம அம்மாங்க கால ஊனித்தான் நிறுத்துனாங்க. அப்ப ரோட்டுல என்னா இருந்துச்சு, மாட்டு வண்டியும் தொரை காடியும்தான். இப்ப லிந்தாங் ரோட்டுல செம்பனப் பழ லோரி வர்ற வேகம் உனக்குத் தெரியும். அதனால முன் சக்கரத்த மட்டும் முழுசா புதுசா கட்டுனேன். பிரேக்கு புடிக்கும்போது எடை எல்லாம் முன்னுக்குத்தான் சாயும், நிறுத்துற வேல பெரும்பாலும் முன் பிரேக்குதான் செய்யும். தைவான்லேர்ந்து வர்ற ஒரு ஹப் வாங்குனேன், அதுவும் ஸ்டர்மி ஆர்ச்சர் பேருதான், 2000-த்துல தைவான்காரங்க கைக்குப் போயிடுச்சு. அந்த ஹப்புக்குள்ளயே மோட்டார்ல இருக்குற மாதிரி டிரம் பிரேக்கு, அதுக்குள்ளயே லைட்டுக்கு டைனமோ. வெல கொஞ்சம் கூடத்தான், கூட்டுச் சீட்டுப் பணம் விழுந்தப்ப எடுத்து வாங்குனேன். மழ உள்ள போகாது, எப்பவும் ஒரே புடி.

அத மாட்டுறதுக்குள்ள பட்ட பாடு இருக்கே! முன் சக்கரத்தப் புடிச்சிருக்குற பழைய ஃபோர்க்குல ரெண்டு காலுக்கும் நடுவுல எடம் பத்தல, புது ஹப் 100 மில்லிமீட்டர், ஃபோர்க்கு எடம் அத விட ஒரு சென்டிமீட்டர் கிட்ட கம்மி. அச்சாணி ஒக்கார்ற வாயும் சின்னது, அரத்தால ராவி அகலப்படுத்தணும். தவுக்கே ஃபோர்க்க வைஸ்ல கட்டி ரெண்டு காலையும் சமமா வளச்சாரு, நூல் கட்டி அளந்து பாத்து, திரும்ப வளச்சு, திரும்ப அளந்து. இரும்பா இருக்கறதால வளஞ்சு குடுக்குது, அலுமினியமா இருந்தா வெடிப்பு விட்டுரும். ஸ்போக் கம்பி கோத்தது நான்தான், 36 கம்பியும். கோத்து முடிச்சதும் பக்கத்து பக்கத்து கம்பிய ஜோடி ஜோடியா கையால அமுக்கி விடணும், அப்பதான் வளைவு சரியா போயி ஒக்காரும், பின்னாடி உடையாது. தட்டிப் பாத்தா எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் குடுத்துச்சு பாரு, அந்த சந்தோசம் எனக்கு புது தாலிக்கொடி போட்டப்ப கூட வரல.

லைட்டு பத்தி உனக்கே தெரியும். 1982-ல கடியாரத்த அரை மணி முன்னுக்குத் தள்ளி விட்டதுலேர்ந்து நம்ம பக்கம் 7 மணி வரைக்கும் இருட்டுதானே. பேட்டரி லைட்டுன்னா சார்ஜ் போட மறந்துடும், இது சக்கரம் சுத்துனா எரியும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்லணும். வீட்டு முன்னாடி சக்கரத்த வச்சு வேல செஞ்சுக்கிட்டிருந்தேனா, தாமான் பசங்க வந்து சுத்தி நின்னானுங்க. கடைசி வீட்டுப் பையன் அவன் சைக்கிளக் கொண்டாந்து "அத்தே, இதோட பிரேக்கக் கழட்டி ஹேண்டல வெட்டிக் குடுங்க, லாஜாக் ஆக்கணும்"ங்குறான். பிரேக்கு இல்லாம ரோட்டுல வேகமா விடுறதுக்கு பசங்க மாத்துற சைக்கிள்தான் அது. எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. 2017 பிப்ரவரி 18, ஜொகூர் பாரு, ஞாபகம் இருக்குல்ல, விடியக்காலையில லாஜாக் ஓட்டிக்கிட்டிருந்து காடி மோதி செத்த 8 பசங்க. எல்லாம் நம்ம பிள்ளைங்க வயசு. கோர்ட்டுல யாரு தப்பு யாரு சரின்னு வருஷக்கணக்கா பேசுனாங்க, போன பிள்ளைங்க போனதுதான். முடியாதுன்னு சொல்லி அனுப்புனா இவன் வேற எங்கயாவது போயி வெட்டிக்குவான். அதனால "லாஜாக் பண்ண மாட்டேன், ஆனா சக்கரம் கட்டச் சொல்லித் தரேன், வரியா"ன்னு கேட்டேன். வந்தான்டி. அவனுக்கு வேணுங்கிறது ஆபத்து இல்ல கமலா, தன் கையால ஒண்ண மாத்தி இது என்னோடதுன்னு சொல்லணும், அதுதான். இப்ப அவன் சைக்கிளுக்கு நல்ல பிரேக்கு, செவப்பு பெயிண்ட்டு, பாட்டிக்கு சாமான் வாங்க முன்னுக்குக் கூடை. மத்தவனுங்களும் வர ஆரம்பிச்சிட்டானுங்க. எனக்கு தெனமும் பயமும் இருக்கு, இவனுங்க ராத்திரி எங்க போறானுங்களோன்னு. ஆனா என் வாசல்ல இருக்குற நேரம் ரோட்டுல இல்ல.

சரி, உன் கதைக்கு வா. நீதான எனக்குப் பக்கம் பக்கமா மெசேஜ் போட்ட, வீட்டுலேர்ந்து கொமுட்டர் ஸ்டேசன் கிட்டதான், ஆனா காடி எடுத்துட்டுப் போனா பார்க்கிங் கெடைக்காம தெனமும் ரயில விடுறேன்னு. உங்கம்மாதோ லேடிஸ் ஃப்ரேம், நடுவுல தண்டு இல்ல, நீ பஞ்சாபி சூட்டோட ஏறலாம், கைலியோடயும் ஏறலாம். செயினுக்கு முழு மூடி இருக்கு. எடை கிட்டத்தட்ட 20 கிலோ வரும், இருக்கட்டுமே, கிள்ளான்ல உனக்கு ஏது மேடு. அத நான் உனக்கு ரெடி பண்ணித் தரேன். முன் சக்கரம் எங்கப்பாதுக்குப் பண்ண மாதிரியே, ஹப்பு காசு மட்டும் நீ குடு, கை வேல என்னோடது. வலது கை கம்பிப் பிரேக்க எடுத்துட்டு கேபிள் போடுவோம், பின் பிரேக்கு அம்மா புடிச்ச அதே கம்பி இருக்கட்டும். பெயிண்ட்ட தொட மாட்டேன், வாளி ஒரசுன தழும்பு அப்படியே கெடக்கட்டும்.

வேற எவன்கிட்டயும் குடுத்துடாத, அத மட்டும் கேளு. பெடல் மாட்டுற பழைய கிராங்க் ஆடுது, புதுசு போடுறேன்னு எவனாச்சும் சொல்லுவான். ராலேக்காரன் ஃப்ரேமுல இருக்குற திருகு மரை தனி, அங்குலத்துக்கு 26 மரை, மத்தவங்களுது 24. தெரியாதவன் புதுச வச்சு முறுக்குனான்னா ஃப்ரேமே போச்சு. அந்தக் கிராங்க் ஆணியக் கூட அடியில முட்டுக் குடுக்காம சுத்தியால அடிக்கக் கூடாது, உள்ள பேரிங் குழி விழுந்துடும். நீயா ஓட்டிப் பாக்கவும் வேணாம், கியர் கேபிள் தளந்திருந்தா நடு கியருக்கும் மூணாவது கியருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு பெடல் சும்மா சுத்தும், எந்திரிச்சு நின்னு மிதிச்சா விழுந்துருவ.

இன்னிக்கே சைக்கிள் வச்சிருக்குற ஸ்டோருக்குப் போயி ரெண்டு வேல பண்ணு. பின் ஹப்ப மண்ணெண்ணெ துணியால நல்லாத் தொட, ஏடபிள்யூன்னு எழுத்து, அதுக்குப் பக்கத்துல ரெண்டு நம்பரு தெரியும், அதான் செஞ்ச வருஷம். போட்டோ எடுத்து அனுப்பு. அப்புறம் பின் சக்கரத்து ஸ்போக் கம்பிய எண்ணு, வால்வுலேர்ந்து ஆரம்பிச்சு வால்வு வரைக்கும். பின் ரிம்ம மாத்த வேண்டி வந்தா, 36-ன்னா ஈப்போவுலயே பாக்கலாம். 40-ன்னா இந்தியா சாமானா வர்ற 28 அங்குல ரிம்முக்கு தவுக்கேகிட்ட இப்பவே சொல்லி வைக்கணும், வர நாளாவும்.

சித்தப்பா மவன் லோரி வெள்ளிக்கிழம கிள்ளான் வருது, திரும்பும்போது காலியாத்தான் வருவான். அவன்கிட்ட ஏத்தி விடு. நிக்க வச்சு கட்டச் சொல்லு, செயின் இருக்குற பக்கம் மட்டும் சாய்க்க வேணாம், ஹப்புலேர்ந்து வெளிய வர்ற கியர் சங்கிலி வளஞ்சிடும். வாளி மாட்டுற கொக்கியக் கழட்டிடாத.

கோப்பிக் கடக்காரன்கிட்ட இல்லன்னு சொல்லிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

செல்வி
சுங்கை சிப்புட்