பின்வரிசையில் ஆடுபவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலே விமர்சனம் என்றாலே நாயகி ஒற்றைக் காலில் நின்று சுழலும் 32 சுழற்சிகளோடு முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் ஆடவே இல்லையா? 1895-இல் நடன அமைப்பாளர்கள் பெத்திபாவும் இவானோவும் அமைத்த 'அன்னப்பறவை ஏரி' பாலேயில் நான்கு குட்டி அன்னங்கள் கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு ஆடுவார்கள். ஒருத்தி தலையைத் திருப்ப இம்மி பிந்தினாலும் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். கோத்த கையை விரித்துச் சமநிலை பிடிக்கவும் முடியாது, எல்லாம் பாதத்தில்தான்!

வேலைக்குப் போகையில் அந்த பாலேவுக்குச் சைக்கோவ்ஸ்கி அமைத்த இசைதான் என் காதில். அடுப்படியில் நின்றாலும் குதிகால் தானாக உயரும். அரங்கில் மேல்மாட இருக்கையைத்தான் கேட்டு வாங்குவேன். அங்கிருந்து பார்த்தால்தான் வரிசைகள் பிரிந்து கூடும் அழகு முழுதாகக் கண்ணில் படும்.

அடுத்த விமர்சனத்தில் குழுவினருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள், பெயர்களோடு.

– ஒரு வாசகி