செல்ஃபியைப் பார்த்து நாடியை எடைபோடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் 'எடுப்பான தாடை' பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். பெண்ணுக்குக் கூரான நாடி (முகவாய்) அழகு, ஆணுக்குச் சதுரத் தாடை அழகு, இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் எத்தனை பிள்ளைகள் இதை நம்புவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நாடி முகத்தின் தோற்றத்தையே மாற்றும், சரி. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடும்போது ஆண்பிள்ளைகளின் கீழ்த்தாடை பெரிதாகிறது, நாடி உள்வாங்கியிருந்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, இதெல்லாம் உண்மைதான். ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? தொண்டியிலிருந்து கீழக்கரை வரை இப்போது வரன் பார்ப்பது வாட்ஸ்அப்பில்தான், பெண் கையை நீட்டி எடுத்த செல்ஃபி துபாய்க்கோ குவைத்துக்கோ போகிறது, "நாடி சரியில்லையே" என்று பதில் வருகிறது. 2022ல் அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஐந்தடி தள்ளி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு சுமார் 6 சதவீதம் நீளமாகவும் நாடி 12 சதவீதம் குட்டையாகவும் தெரிந்தது. லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகும், தள்ளி இருப்பது சிறுக்கும், அவ்வளவுதான். இதற்காக ஒரு பெண்ணைத் தட்டிக்கழிப்பது அநியாயம்.

அப்புறம், மூக்கு நுனிக்கும் நாடிக்கும் கோடு இழுத்து, உதடு அதற்கு உள்ளே இருக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தீர்களே, அது ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வெள்ளையர் முகங்களை வைத்துச் சொன்ன அளவு. நம்மில் பலருக்கு உதடு இயல்பாகவே தடிப்பு, அந்தக் கோட்டைத் தொடும், தாண்டவும் செய்யும். அது குறையே இல்லை.

ஊசியைப் பற்றி இரண்டு வரியாவது எச்சரித்திருக்க வேண்டும். நாடியை எடுப்பாக்க ஊசியில் ஏற்றும் ஃபில்லர் என்ற ஜெல் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் அடைத்துக்கொண்டு தோல் கருகிப்போகும். டவுனில் ஒரு பார்லரில் என் அக்கா மகளிடம் "கல்யாணத்துக்குள் போட்டுவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள், அங்கே டாக்டரே கிடையாது!

கீழ்த்தாடை நிஜமாகவே பின்தங்கி, மென்று சாப்பிடக் கஷ்டம், ராத்திரி குறட்டையோடு மூச்சுத் திணறல் என்றால் அது அழகு விஷயமே இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டும். புதுக்கோட்டையில் 2023ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள், எங்களுக்கு எட்டும் தூரம்தான். இந்தத் தகவலில் ஒன்றுகூட உங்கள் பக்கத்தில் இல்லை. அடுத்த ஞாயிறே அதே பக்கத்தில் ஒரு பல் மருத்துவரையும் தோல் மருத்துவரையும் எழுத வையுங்கள், பார்லர் விளம்பரத்தை அதற்குக் கீழே போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தொண்டி