ஞாயிறு மாலை மருத்துவர் வருகிறார்

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் குடியிருப்பின் மாடிக் கூடத்தில் பேச வருபவர் பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர். "வெறும் பொது மருத்துவர்தானா? இதய நிபுணர் யாரும் கிடைக்கவில்லையா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. அதன்பின் முதுநிலை நீட் எழுதி 3 ஆண்டு எம்.டி. வார்டும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இரவுப் பணியுமாகக் கழியும் ஆண்டுகள் அவை. நீங்கள் கேட்கும் இதய நிபுணரும் பெரும்பாலும் இதே எம்.டி.யை முடித்துவிட்டுத்தான் இன்னும் 3 ஆண்டு டி.எம். என்ற சிறப்பு மேற்படிப்பு படிக்கப் போகிறார். (அமெரிக்க எம்.டி. வேறு, அங்கே அது நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படைப் பட்டம்.)

என் மாமியாருக்குக் கால் வீங்கியபோது, இவர் முதலில் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்கவைக்கும்; அந்த வீக்கத்தை வற்றவைக்க வேறொருவர் நீர் மாத்திரை எழுதியிருந்தார்! ஒன்றை மாற்றினார், மற்றொன்றை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் பழைய செருப்பு காலில் ஏறியது.

ஆகவே வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். குழந்தைகளின் உடல்நலம் பற்றிய கேள்விகள் இம்முறை வேண்டாம். சுண்டல் உண்டு, சர்க்கரை போடாத காபி தனிப் பிளாஸ்கில் இருக்கும்.