உபயக்காரர் பெயருக்குக் கோண எழுத்து வேண்டாம்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து ஆலயங்களின் திருவிழாக் குழுத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம். உங்கள் பேனர்களை அச்சடிப்பவன் எழுதுகிறேன்.

தடித்த, மூலை மூலையாக வெட்டிய அந்தக் கோண எழுத்துருவைத்தான் இப்போது எல்லா ஆலயங்களும் கேட்கின்றன. எனக்கும் அது பிடிக்கும். வளைவில்லாத எழுத்து தமிழுக்கு ஒட்டாது என்று சில பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்துக் குகையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகளில் பெரும்பாலும் நேர்கோடுகள்தாம். இன்றைய ப, ட இரண்டும் மூலைக்கென்றே பிறந்தவை.

ஆனால் தலைப்புக்குப் போட்ட அதே எழுத்தில் பூஜை நேரம், அன்னதான விவரம், உபயக்காரர் பெயர் எல்லாவற்றையும் அடிக்கச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கோடு தடிக்கத் தடிக்க எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். ஓரடி உயரத்தில் அது கம்பீரமாக நிற்கும். ஓர் அங்குலத்தில் அடைத்துக்கொள்ளும். கண்ணன் என்று ஒரு பெயர். ண, ன இரண்டின் சுழிகளும் ஊசித் துவாரமாகிவிடும். சதுரப் புள்ளி தலைக்கோட்டோடு ஒட்டிவிடும். மை கொஞ்சம் பரவினால் போதும், வரிசையாக நாலு கறுப்புக் கட்டைகள்தாம் மிஞ்சும். பணம் கொடுத்த மனிதர் தம் குடும்பத்தோடு வந்து பேனருக்கு முன்னால் நின்று பெயரைத் தேடுகிறார். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தலைப்பிலும் ஓர் இடம் கவனிக்க வேண்டும். தீமிதி என்பதில் தீ-யின் மேல்விலங்கு முனையில் சுழிய வேண்டும். கோண எழுத்தில் அந்தச் சுழி ஒரு சின்னச் சதுர ஓட்டை. அது அடைபட்டால் சாலையிலிருந்து பார்ப்பவருக்குத் "திமிதி" என்றுதான் தெரியும். ஏற்கெனவே தடித்த எழுத்தை இன்னும் தடிக்க வைக்கக் கணினியில் 'போல்ட்' பொத்தானை அழுத்துகிறார்கள். அது எழுத்தின் விளிம்பைத்தான் ஊத வைக்கும், ஓட்டைகளை விழுங்கிவிடும்.

1923இல் ஜெர்மனியில் ருடால்ப் கோக் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் இதே போன்ற தடித்த எழுத்து ஒன்றை, 'நோய்லாண்ட்' என்ற பெயரில், வரைபடம் போடாமல் நேராக உலோகத்திலேயே செதுக்கினார். ஆங்கிலத்தில் சின்ன எழுத்து என்பார்களே, அதை அவர் அதில் செய்யவே இல்லை. பெரிதாக நிற்பதுதான் அதன் வேலை.

விளம்பரப் பலகைத் தொழிலில் ஒரு கணக்குண்டு: பத்தடி தூரத்துக்கு எழுத்து ஓர் அங்குல உயரம். நூறடி தள்ளிப் போகும் லோரிக்காரருக்குத் தெரிய வேண்டுமானால் பத்து அங்குலம் வேண்டும். சுழி நிறைந்த நம் எழுத்துக்கு அதையும் விடக் கூடுதலாகவே வைக்க வேண்டும். ஆலயப் பெயர், திருவிழாப் பெயர், தேதி ஆகிய மூன்றையும் கோண எழுத்தில் இப்படிப் பெரிதாகப் போடுவோம். மற்றதெல்லாம் முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, உள்ளே வெள்ளை இடம் தாராளமாக உள்ள எழுத்துருவில் இருக்கட்டும், இரண்டும் இலவசம்.

அச்சுக்கு ஒப்புதல் தருமுன் பெயர்ப் பட்டியலை அசல் அளவில் ஒரு தாளில் எடுத்து ஆலயச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணாடி போட்ட ஒரு பாட்டியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் பெயரை நான் கூலி வாங்காமல் மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
பேனர் அச்சடிப்பவன், சுங்கை சிப்புட்